எண்ணிப் பார்த்த விசுவாசம்: உகாண்டாவின் எம்பாலே குழந்தைகள் மருத்துவமனை

கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனைகளைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை பிழைத்தவர்களின் கதைகள். நடக்க முடியாதிருந்த பிள்ளை நடந்தது, மருத்துவர்கள் கைவிட்ட குழந்தை ஜெபத்தால் மீண்டது என்று அவை போகும். அவை பொய்யென்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்படிப்பட்ட மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காகப் பணிபுரிகிறவர்களுக்கு விசுவாசமும் நம்பிக்கையும் நாள்தோறும் எப்படிப் பொருள்படுகின்றன என்பது அந்தக் கதைகளிலிருந்து தெரிவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, உகாண்டாவின் எம்பாலே நகரிலுள்ள கியூர் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம். தொற்றுநோயால் மூளையில் நீர் தேங்கி அங்கே அறுவை சிகிச்சை பெற்ற கைக்குழந்தைகள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்தவர்களிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் கடுமையான குறைபாடுகளோடு வாழ்ந்தனர். நன்கொடையை நம்பி நடக்கும் ஒரு மருத்துவமனை, தன் உழைப்பின் பலன் இவ்வளவுதான் என்று தானே எண்ணிப் பார்த்து, அதை அச்சிலும் ஏற்றியது.

இந்தச் செயலுக்கும் அந்த மருத்துவமனையின் விசுவாசத்துக்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் எப்படிப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு நோயைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கியூர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை 1996இல் தொடங்கியவர்கள் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஸ்காட் ஹாரிசனும் அவருடைய மனைவி சாலியும். எண்பதுகளில் மலாவி நாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்யச் சென்ற ஹாரிசன், எளிதில் சரிசெய்யக்கூடிய ஊனங்களோடு ஆப்பிரிக்கக் குழந்தைகள் வளர்ந்துவிடுவதைக் கண்டார். முதல் மருத்துவமனை கென்யாவின் கிஜாபேயில் 1998இல் திறக்கப்பட்டது. தேவனுடைய ராஜ்யத்தைப் பிரசங்கிக்கவும் பிணியாளிகளைச் சொஸ்தமாக்கவும் இயேசு தம் சீஷர்களை அனுப்பியதாக லூக்கா ஒன்பதாம் அதிகாரம் சொல்லும் இரட்டைக் கட்டளையே இவ்வமைப்பின் அடிப்படை வாசகம். தமிழ் வாசகர்களுக்கு இந்த இரட்டைக் கட்டளை புதிதல்ல. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறக்க நேர்ந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போன ஐடா ஸ்கடர் திரும்பிவந்து வேலூரில் தொடங்கிய பணிதான் பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதும் அங்கேதான். மிக எளியவர்களுக்கு மிக நுட்பமான சிகிச்சை என்ற எண்ணம் மிஷன் மருத்துவமனைகளில் முன்பே வேர்விட்டிருந்தது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

எம்பாலே, உகாண்டாவின் கிழக்கே, கென்ய எல்லையில் எழுந்து நிற்கும் எல்கான் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் வாழையும் மக்காச்சோளமும் பயிரிடும் சிறு விவசாயிகளின் ஊர்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் நரம்பியல் அறுவை மருத்துவராக இருந்த பெஞ்சமின் வார்ஃப் 2000ஆம் ஆண்டு தம் மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் இங்கே குடியேறி, மருத்துவ மிஷனரியாக மருத்துவமனையை உருவாக்கும் பணியில் இறங்கினார். நாடு முழுவதிலும் நரம்பியல் அறுவை மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. விசுவாசம் இங்கே செய்த முதல் வேலை இதுதான்: பணமோ புகழோ பதவியோ கொண்டுவந்து நிறுத்தியிருக்க முடியாத இடத்தில் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஏழை விவசாயியின் மூன்று மாதக் குழந்தைக்கு மூளை அறுவை சிகிச்சை செய்ய எந்தச் சந்தையும் ஆள் அனுப்புவதில்லை. அரசுகளும் அன்று அனுப்பவில்லை.

வந்தவர்களைத் தேடிவந்த நோய் ஹைட்ரோசெபாலஸ். மூளைக்குள் இருக்கும் அறைகளில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்து, வழிந்து, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சுரக்கும். வழி அடைபட்டாலோ உறிஞ்சப்படுவது குறைந்தாலோ நீர் தேங்குகிறது. கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டியிராததால் தலை பெருத்துக்கொண்டே போகிறது. நெற்றி புடைத்து, உச்சிக்குழி இறுகி, கருவிழிகள் மேலே திரும்ப முடியாமல் கீழிமைக்குள் அமிழ்ந்து நிற்கும். அழுத்தம் தொடர்ந்தால் மூளை மெலியும், பார்வை போகும், பெரும்பாலான குழந்தைகள் இறந்துபோகும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

மேலைநாட்டுப் பாடநூல்கள் இந்நோயைப் பெரும்பாலும் பிறவிக் கோளாறாகவோ குறைமாதக் குழந்தைகளின் மூளை இரத்தக் கசிவாகவோதான் விவரித்தன. எம்பாலேயில் வார்ஃபும் சக பணியாளர்களும் 300 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தபோது வேறொரு படம் கிடைத்தது. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குக் காரணம் மூளையைத் தாக்கிய தொற்று. அப்படித் தொற்று கண்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது பிறந்த முதல் மாதத்துக்குள்ளேயே வந்திருந்தது. நல்லபடியாகப் பிறந்த குழந்தை, காய்ச்சலும் வலிப்பும் கண்டு, ஊர் மருந்தகத்தில் கிடைத்ததைக் கொடுத்துத் தேறியதுபோலத் தோன்றி, சில வாரங்களில் தலை பெருக்கத் தொடங்கும். தாய்மார்கள் சொன்ன இந்த வரிசையை யாரும் அதற்கு முன் கணக்காகக் கோத்துப் பார்த்திருக்கவில்லை. 2005இல் இது வெளியானது.

அடுத்தது சிகிச்சை. தேங்கும் நீரை வடிக்க, மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயை இறக்கி வயிற்றுக்குள் விடுவது ஐம்பதுகளிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஷண்ட் எனப்படும் இந்தக் குழாய் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் இயங்கும் மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கும் நாடுகளுக்காக எண்ணப்பட்டது. அங்கேகூடக் குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் குழாய்களில் ஏறத்தாழப் பாதி இரண்டு ஆண்டுகளுக்குள் அடைபட்டோ கிருமி தொற்றியோ பழுதாகிவிடுகின்றன. பழுதானால் தலைவலி, வாந்தி, மயக்கம். உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் மரணம். பாஸ்டனில் இருக்கும் தாய் காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடலாம். எல்கான் மலைச்சரிவில் மழைக்காலத்தில், பேருந்துக்குக் காசில்லாத தாய் என்ன செய்வாள்? குழாயைப் பொருத்தி அனுப்புவது அன்றைய அறுவை சிகிச்சையாக வெற்றிதான். ஆனால் அந்தக் குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் பக்கத்தில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் இருப்பார் என்ற எதிர்பார்ப்பின்மேல் கட்டிவைப்பதாகவும் அது ஆகிறது.

இதற்கு மாற்றாக வார்ஃப் கையாண்ட முறையின் இரு பாதிகளும் பழையவை. மூளையின் மூன்றாம் அறையின் அடித்தளத்தில் ஒரு துளையிட்டு நீருக்கு மாற்றுவழி திறப்பதை 1923இலேயே மிக்ஸ்டர் என்ற மருத்துவர் பாஸ்டனில் செய்துகாட்டினார். நீரைச் சுரக்கும் திசுவை அகற்றிச் சுரப்பைக் குறைப்பதை 1918இல் வால்டர் டாண்டி முயன்றார்; பலர் இறந்ததால் அது கைவிடப்பட்டது. உடலுக்குள் பார்க்க உதவும், வளையும் எண்டோஸ்கோப் ஒன்றின் வழியே துளையையும் இட்டு, சுரக்கும் திசுவையும் பொசுக்கிவிடுவது என்று இரண்டையும் ஒரே அமர்வில் இணைத்தது எம்பாலேயில் நடந்தது. 550 குழந்தைகளின் முடிவுகள் 2005இல் வெளியாயின. ஒரு வயதுக்குட்பட்டோரில் துளை மட்டும் இட்டபோது 47 விழுக்காட்டினருக்குப் பலித்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது 66 விழுக்காட்டினருக்குப் பலித்தது. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: 35 விழுக்காடு, 76 விழுக்காடு. பலித்தவர்களுக்குக் குழாயே தேவையில்லை.

பலிக்காதவர்களுக்குக் குழாய் வேண்டும், அதற்கு விலை உண்டு. அமெரிக்காவில் பயன்படுத்தப்பட்ட ஒரு குழாயின் விலை அப்போது ஏறத்தாழ 650 டாலர். நம் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா குழாய் ஏறத்தாழ 35 டாலருக்குக் கிடைத்தது. மலிவானது மட்டமாகத்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிடாமலும், ஏழைகளுக்கு இதுபோதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமலும், 195 குழந்தைகளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பரிதாபத்தால் நடத்தப்படும் இடமாக மட்டும் இருந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே தேவை எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்; கிடைத்ததைக் கொடுத்தோம் என்பதே போதுமானதாகத் தோன்றியிருக்கும்.

விசுவாசத்தைப் பற்றிய பேச்சு இங்கேதான் கடினமாகிறது. ஒரு மிஷன் நிறுவனத்தில், அதை நிறுவியவர் கண்டுபிடித்த முறை மெல்ல மெல்லச் சாட்சியாக மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. தேவன் காட்டிய வழி என்று ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டால், அதைக் கேள்வி கேட்பது அவிசுவாசம்போலத் தோன்றும். எம்பாலேயில் நேர்ந்தது வேறு. குழாய்க்கும் எண்டோஸ்கோப் முறைக்கும் இடையே எது மேலானது என்றறிய, தொற்றினால் நீர் தேங்கிய 100 கைக்குழந்தைகளை யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து ஆராய்ந்தார்கள். 2017 டிசம்பரில் வெளியான முடிவு யாருக்கும் கொண்டாட்டம் அளிப்பதல்ல: ஓராண்டுக்குப் பிறகு குழந்தைகளின் அறிவு வளர்ச்சியிலும் மூளையின் அளவிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எண்டோஸ்கோப் முறை 35 விழுக்காட்டினருக்கும் குழாய் 24 விழுக்காட்டினருக்கும் பலிக்காமற்போயின. அந்த எண்ணிக்கை வேறுபாடும் புள்ளியியல்படி உறுதியானதல்ல. குழாயைத் தவிர்ப்பதால் மூளை வளர்ச்சியில் இழப்பு தெரியவில்லை, ஆதாயமும் தெரியவில்லை என்பதே இதிலிருந்து கிடைக்கும் நேர்மையான வாசிப்பு. ஆனால் ஊர்திரும்பிய பின் குழாய் அடைபட்டுச் சாகும் அச்சம் சிலருக்காவது இல்லாமற்போகிறது என்பதால் எம்பாலேயில் அம்முறைக்கு மதிப்புக் குறையவில்லை.

முதல் பத்தியில் சொன்ன ஐந்தாண்டுக் கணக்கையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை வெற்றி பெற்றும் குழந்தைகள் ஏன் இறந்தார்கள்? நீரை வடிக்க முடிந்தது. ஆனால் தொற்று ஏற்கெனவே அழித்துவிட்ட மூளைத் திசுவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. விழுங்கச் சிரமப்படும் குழந்தை, வலிப்பு நிற்காத குழந்தை, மலேரியாவும் வயிற்றுப்போக்கும் நடமாடும் ஊருக்குத்தான் திரும்பியது. மருத்துவமனையின் வாசலில் வெற்றியென்று எழுதப்பட்டது வீட்டுத் திண்ணையில் வேறொன்றாக முடிந்தது.

இதை அறிந்தபின் மறுநாள் காலையில் வார்டுக்கு வரும் ஒரு செவிலியர் எதை நம்பி வருகிறார்? மிஷன் மருத்துவமனைகளில் பணிநாள் பொதுவாக ஆராதனையோடு தொடங்கும். அறுவை அரங்கில் கத்தியை எடுக்குமுன் ஜெபம் உண்டு. இவற்றைச் சடங்கு என்று தள்ளுவதும் அற்புதத்துக்கான விண்ணப்பம் என்று மட்டும் பார்ப்பதும் மேலோட்டமான வாசிப்புகள். உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஒரு வரிசை வருகிறது. அதில் நம்பிக்கை முதலில் வருவதில்லை, சோதிக்கப்பட்ட பிறகு, கடைசியில் வருகிறது. எல்லாம் நல்லபடி முடியும் என்ற எதிர்பார்ப்போடு ஒருவர் இந்த வேலைக்கு வந்தால், அந்த எதிர்பார்ப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். பிறகு அவர் ஊர் திரும்பிவிடுவார், அல்லது குழந்தைகளின் முகத்தைப் பார்க்காமல் வேலைசெய்யப் பழகிவிடுவார். நெடுங்காலம் தங்கியவர்களின் நம்பிக்கை முடிவுகளைப் பொறுத்ததாக இருந்திருக்க முடியாது. இந்தக் குழந்தை தேறினாலும் தேறாவிட்டாலும் கவனிக்கத் தக்கது, அதன் தாய் பதில் பெறத் தக்கவள் என்பதில் ஊன்றியதாகவே அது இருந்திருக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்தவருக்கு இறந்தவர்களை எண்ணுவதில் அச்சமில்லை. பலனால் நியாயப்படுத்தப்பட வேண்டிய விசுவாசத்துக்குத்தான் கெட்ட கணக்கு ஆபத்தாகும்.

தாய்மார்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் நம்பிக்கையின் முதல் வேலை இன்னும் எளிமையானது. பெருத்த தலையோடு ஒரு குழந்தை இருப்பது சாபம், சூனியம், தாயின் நடத்தைக்கு வந்த தண்டனை என்ற பேச்சு அந்த ஊர்களில் சாதாரணம். கணவன் விட்டுப்போவதும், மாமியார் வீட்டில் குழந்தையை வெளியே காட்டாமல் வைத்திருப்பதும், நோயைச் சொல்லாமல் மந்திரவாதியிடம் கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்துவிடுவதும் நடக்கின்றன. நம் ஊரிலும் பிள்ளை ஊனமாகப் பிறந்தால் எந்தப் பிறவியில் செய்த வினையோ என்று முதலில் தாயைத்தானே பார்க்கிறார்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று கேட்கிறார்கள். இருவருடையதுமல்ல என்பது இயேசுவின் பதில். அந்தப் பதிலின் பிற்பகுதி, தேவனுடைய கிரியை வெளிப்படவே அவன் அப்படிப் பிறந்தான் என்பது, இறையியலாளர்களைத் தொடர்ந்து தொல்லைப்படுத்துவது; ஒரு தாயிடம் அதைச் சொல்ல நான் தயங்குவேன். முற்பகுதியோ நேராக வேலை செய்கிறது. இது உன்னால் வந்ததல்ல என்று வெள்ளைக்கோட்டு அணிந்த ஒருவர் சொல்வதும், அதையே சபைப் போதகர் ஒருவர் சொல்வதும், அந்தப் பெண் ஊர்திரும்பும்போது வெவ்வேறு காதுகளில் விழும். போதகரின் சொல்லுக்கு மாமியாரும் செவிசாய்ப்பார். வார்டில் தன்னைப்போன்ற பத்துத் தாய்மார்களைக் காண்பதும் அதே அளவு மருந்து: சாபம் இத்தனை பேர்மேல் ஒரே மாதிரி விழாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மூடிமறைக்கக் கூடாது. எம்பாலே முழுக்கக் கிறிஸ்தவ ஊரல்ல. உகாண்டாவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது அங்கேதான். முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செமெய் ககுங்குலு என்ற தலைவரைப் பின்பற்றி யூத மதத்தைத் தழுவிய அபயுதாயா மக்களின் ஊர்களும் எம்பாலேயை ஒட்டியே இருக்கின்றன. தன் பிள்ளையின் உயிருக்காக வந்து நிற்கும் முஸ்லிம் தாய், கட்டிலருகே ஜெபிக்கட்டுமா என்று கேட்கப்படும்போது வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருக்கிறாளா? சிகிச்சைக்கு மதம் நிபந்தனையில்லை என்பது மட்டும் போதாது; அது நிபந்தனையில்லை என்று அவள் உள்ளபடியே நம்புமாறு நடந்துகொள்ள வேண்டும். எழுதிவைத்த கொள்கையால் இது நடப்பதில்லை. மறுத்த தாயின் குழந்தைக்கு மறுநாள் கட்டு மாற்றும் கை அதே மென்மையோடு இருக்கிறதா என்பதில்தான் தெரியும். மிஷன் மருத்துவத்தின் ஆதரவாளர்கள் இந்தக் கேள்வியை விரோதமாக எடுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அது அவர்களுடைய சுவிசேஷத்திலிருந்தே எழும் கேள்வியாகத் தோன்றுகிறது. அங்கே குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பிவந்து நன்றிகூடச் சொல்லவில்லை, குணம் திரும்பப் பெறப்படவுமில்லை.

நம்பிக்கை எப்படி ஒரு வேலைத்திட்டமாக மாறுகிறது என்பதற்கு முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளே சிறந்த சான்று. ஸ்பைனா பைஃபிடா எனப்படும் இக்குறையில் முதுகிலுள்ள திறப்பை மூடுவது ஓர் அறுவை சிகிச்சையோடு முடிகிறது. அதற்குப் பிறகுள்ளதெல்லாம் பல ஆண்டு வேலை. கால்கள் செயலற்றிருக்கும், உணர்வில்லாத தோலில் புண்கள் வரும், சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாமல் சிறுநீர் பின்னோக்கிச் சென்று சிறுநீரகங்களை மெல்ல அழிக்கும். இதைத் தடுக்கும் வழி, நாளுக்குப் பலமுறை கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது. அதைத் தாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், பிள்ளை வளர்ந்ததும் பிள்ளைக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தாய், கையைக் கழுவி, தன் மகளுக்கு இதைச் செய்யத் தேர்ந்துவிட்டால் அந்தப் பெண் நனையாத உடையோடு பள்ளிக்கூடத்தில் உட்கார முடியும். மிஷன் இதழ்களின் அட்டைப்படத்துக்கு இது ஏற்றதல்ல. ஆனால் எம்பாலேயில் சிகிச்சை பெற்ற இத்தகைய குழந்தைகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், யார் பிழைத்தார்கள் என்பதைத் தீர்மானித்தவற்றுள் முக்கியமான ஒன்று, ஊரளவில் மறுவாழ்வுப் பணியாளர்கள் வீடுதேடிச் செல்லும் மாவட்டத்தில் அந்தக் குழந்தை வாழ்ந்ததா என்பது. அப்படிப்பட்ட மாவட்டங்களில் இவர்களுடைய இறப்பு விகிதம் மற்றக் குழந்தைகளுடையதை நெருங்கியது. இல்லாத இடங்களில் அதைவிட மிகவும் கூடுதலாக இருந்தது. அறுவை மேசையில் காட்டிய திறமையைவிட, ஐந்து ஆண்டுகள் கழித்தும் சைக்கிளில் வந்து கதவைத் தட்டும் ஒருவர் இருப்பது உயிரைக் காத்தது.

கணக்கெடுத்ததால் எழுந்த இன்னொரு கேள்வி, அந்தத் தொற்றை உண்டாக்கும் கிருமி எது என்பது. வந்து சேரும்போது குழந்தைகளின் மூளைநீரில் சீழின் தடயம் இருந்தது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் எதுவும் வளரவில்லை. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஷிஃப் இதில் ஈடுபட்டார். மழையளவுக்கும் நோயாளிகளின் வருகைக்கும் தொடர்பு இருப்பதைச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு அவரும் எம்பாலே மருத்துவர்களும் 2012இல் காட்டினர். மண்ணிலிருந்தோ நீரிலிருந்தோ கிருமி வருகிறது என்ற ஐயம் வலுத்தது. 2020இல், 100 குழந்தைகளின் மூளைநீரிலுள்ள மரபணுக்களைப் பகுத்ததில், அதுவரை இந்நோயோடு யாரும் சேர்த்துப் பேசாத பேனிபேசில்லஸ் என்ற பாக்டீரியா முன்னணிக்கு வந்தது. அதன் ஒரு வகைக்கு எம்பாலேயின் பெயரே வைக்கப்பட்டது. ஊர்ப்பெயர் உலக அறிவியலில் நுழைந்த விதம் பெருமைக்குரியதா என்று அவ்வூர்க்காரர்கள்தாம் சொல்ல வேண்டும். இந்தத் தேடலுக்கு அடித்தளம், இரண்டு பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் வந்து குவிந்த குழந்தைகளும், அவர்களைப் பற்றி விடாமல் எழுதிவைக்கப்பட்ட குறிப்புகளும். விசுவாசத்தால் தங்கியிருந்தவர்கள் இல்லாமல் அந்தக் குவியலே இருந்திருக்காது.

வார்ஃப் 2006இல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். 2012இல் அவருக்கு, படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்க அறக்கட்டளை ஒன்று வழங்கும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பொறுப்பு ஜான் முகம்பா முதலிய உகாண்டா மருத்துவர்களின் கைக்கு வந்தது. பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் அறுவை மருத்துவர்கள் எண்டோஸ்கோப் முறையைக் கற்க எம்பாலேக்கு வரத் தொடங்கினர். மிஷனரி வந்தார், குணமாக்கினார் என்று சொல்லப்படும் கதைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். இன்று அங்கே ஜெபிப்பவரும் அறுப்பவரும் எண்ணுபவரும் பெரும்பாலும் உகாண்டாக்காரர்களே. தாயிடம் அவளுடைய மொழியிலேயே பேசி, அவளுடைய ஊரின் சாபப் பேச்சைத் தன் பாட்டியிடமிருந்தே கேட்டு வளர்ந்த ஒரு செவிலியர் தரும் உறுதிமொழியை, வெளியிலிருந்து வந்த எவரும் தந்திருக்க முடியாது.

எஞ்சியிருக்கும் வேலையின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு வரும் தொற்றுக்கு எந்த மருந்தை எவ்வளவு விரைவாகக் கொடுப்பது என்பதை ஊர்ச் சுகாதார நிலையங்கள் அறிய வேண்டும். கிருமி இன்னதென்று தெரியாதவரை இது முடியாதிருந்தது. முதுகுத்தண்டு கருவில் மூடிக்கொள்வது கருத்தரித்த முதல் 28 நாட்களுக்குள் நடந்துவிடுவதால், அது சரியாக மூட உதவும் வைட்டமினான ஃபோலிக் அமிலம் பெண்ணின் உடலில் கர்ப்பத்துக்கு முன்பே இருந்தாக வேண்டும். மாவில் கலப்பதே அதற்கு நம்பகமான வழி, ஆனால் உகாண்டாவின் ஊர்ப்புறங்களில் மக்காச்சோளத்தைச் சின்னஞ்சிறு அரவை மில்களில் அரைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு, பெரிய ஆலைகளில் ஊட்டமேற்றப்பட்ட மாவு போய்ச்சேர்வதில்லை. இந்த இரண்டும் நடந்தால் எம்பாலே மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் குறைவார்கள். அங்கே பணிபுரிகிறவர்கள் அதற்காகவும்தான் வேலை செய்கிறார்கள்.